பத்து மீட்டர் பத்து சென்டிமீட்டர்

முதலில் யாகி என்றுதான் நினைத்தேன்.
மூன்று அலுமினியக் குழாய், சுழற்ற ஒரு மோட்டார்,
எந்தத் தேசம் வேண்டுமோ
அந்தப் பக்கம் முகம் திருப்பும்.
மாடிக்குழுச் செயலாளர் விதானகே
படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.
"மிஸ், இது விழுந்தால் யாருடைய கார்?"
கீழே நின்றது அவருடைய கார்.

பிறகு செங்குத்துக் கம்பம்.
புத்தகங்கள் அதைத்தான் சொல்கின்றன:
உப்புத்தண்ணீர் பக்கத்தில் இருந்தால்
வேறொன்றும் யோசியாதே, நேராக நிறுத்து,
மறுபாதியைக் கடல் பார்த்துக்கொள்ளும்.
வெள்ளவத்தையில் எனக்கு
ரயில்பாதை முடிந்தால் கடல்தான்.
நாலாம் மாடிக்கு மேல் ஐந்து மீட்டர்
நிறுத்தியிருக்கலாம்.
உரிமம் இருக்கிறது. முத்திரை, பரீட்சைப் புள்ளி,
நாலு எஸ் ஏழு என்று தொடங்கும் என் மறுபெயர்,
எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள்.

ஆனால் கம்பம் தெருவுக்குத் தெரியும்.

தொண்ணூற்றாறில், இங்கே ஓட்டுவீடு இருந்தபோது,
டிவி அன்டெனாவைத் திருப்பக்
கூரையில் ஏறினான் என் அண்ணன்.
படம் கலங்குகிறது, அவ்வளவுதான்.
இறங்கச் சொன்னார்கள். இறங்கியதும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.
மூன்று நாள்.
இப்போது டொரொன்டோவில் இருக்கிறான்,
கேபிள்தான் பார்க்கிறான்.

பால்கனிக்குள் வைக்கும் வளையம் ஒன்றும் உண்டு.
சைக்கிள் ரிம் அளவு. ஒருவருக்கும் தெரியாது.
இம்மியளவு அலைவரிசை நகர்ந்தால்
எழும்பிப்போய்த் திருக வேண்டும்.
எனக்குச் சுருண்டிருந்து கதைக்க விருப்பமில்லை.

ஆகவே கம்பி.
பழைய சோனகத் தெருவில் பன்னிரண்டு மீட்டர்
பிளாஸ்டிக் போர்த்திய செம்பு.
"மோட்டாருக்கா?" என்றார் கடைக்காரர்.
"கதைக்கிறதுக்கு."
இன்னும் அரை மீட்டர் சும்மா விட்டார்.

நூற்று நாற்பத்து மூன்றைப்
பதினாலு தசம் ஒன்று ஐந்தால் பிரித்தால்
பத்து மீட்டர் பத்து சென்டிமீட்டர்.
நடுவில் வெட்டி இரண்டாக்கு.
கூட விட்டு வெட்டு;
செம்புக்கு வளரத் தெரியாது.

தண்ணீர்த் தாங்கியிலிருந்து லிஃப்ட் அறைவரை
ஒன்பது மீட்டர்தான் மொட்டைமாடி.
மிச்சத்தை இரு நுனியிலும் தொங்கவிட்டேன்.
தண்டவாளம் ஓடும் திசைக்கே கம்பியும் ஓடியது:
ஒரு முகம் ஆபிரிக்காவுக்கு, மறுமுகம் மலாயாவுக்கு.

மறுநாள் ஏறிப் பார்த்தால்
மூன்றாம் மாடி பஸ்மியா அதில்
இரண்டு துவாயும் ஒரு பள்ளிக்கூடச் சட்டையும்
காயப்போட்டிருந்தாள்.
"கட்டினது நல்லதாப் போச்சு,
பழசு அறுந்து ஒரு மாசம்."

விதானகே அண்ணாந்து பார்த்தார். தெருவும் பார்த்தது.
கொடி.
உடுப்புக் கொடி, வேறெந்தக் கொடியும் அல்ல.
இப்படியொரு மறைப்பை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.
மூன்றாம் நாள் அவளுடைய மகன்
நுனியைப் பிடித்து ஊஞ்சலாடப் பார்த்தான்.
அன்றிரவே படியிறங்கிப்போய்ச் சொன்னேன்:
அது கயிறு இல்லை. நான் பேசும்போது
நுனி தொட்டால் சுடும்.
அவள் கதவைப் பிடித்தபடி யோசித்தாள்.
யாரோடு, ஏன் என்று கேட்பாள் என்றிருந்தேன்.
"எத்தனை மணிக்குப் பேசுவீங்க?"
ஆறரைக்குப் பிறகு.
"அதுக்கு முன்ன எடுத்திருவன்."

நேற்று ஆறு ஐம்பது.
சோளம் பொரிவதுபோன்ற இரைச்சலுக்குள்ளிருந்து
ரியூனியன் தீவு எழும்பி வந்தது.
மிஷெல். ஓய்வுபெற்ற பேக்கரிக்காரர்.
பெயர் கேட்டார், ஊர் கேட்டார், மழையா என்றார்.
பிறகு எல்லாரும் கேட்பது: என்ன அன்டெனா?

சொல்ல வாயெடுத்தேன்.
யாரோ லிஃப்ட் பொத்தானை அழுத்தினார்கள்.
நாலு மாடி நேரத்துக்கு
உலகம் முழுக்க மோட்டார்.
அது நின்றபோது
அவர் இன்னும் இருந்தார், நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்,
அதே கேள்வியோடு.

மீட்டர் முள் வழக்கத்தைவிடச் சற்று ஏறி
ஒன்று தசம் ஏழில் நின்றது.
பஸ்மியா மேலே
ஒரு ஈரக் காலுறையை மறந்திருக்க வேண்டும்.